நடுவில் உயர்ந்த படி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் இருமல் விட்டதா? நீ வம்படியாகப் பெட்டியில் திணித்த போர்வைதான் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறது. அன்றைக்கு உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஊர் நகர மண்டபத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ரயிலடியிலிருந்து ஒரு குறுகலான சந்து. செருப்புத் தைக்கும் கடை, மருந்துக்கடை, சைக்கிள் கடை, ஒன்றுக்கும் மனசு நிற்காது. சந்து முடிந்ததும் சட்டென்று ஒரு பெரிய சதுக்கம். அதன் எதிர்ப்பக்கம் அது நிற்கிறது. அகலம் முழுக்கப் படிக்கட்டு. படிக்கட்டின் மேல் ஆறு தூண்கள், ஒவ்வொன்றும் அடிமுதல் நுனிவரை வரிப்பள்ளம் செதுக்கியது. தூண்களின் தலையில் முக்கோண முகப்பு. அதற்குப் பின்னால் ஒரு குவிமாடம், சத்தமே இல்லாமல். எல்லாம் நூல் பிடித்தாற்போல. பெட்டியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

மண்டபத்தின் காவல்காரரைச் 'சாவிக்கொத்து' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் இந்த இடத்துலதான் சார் நிப்பாங்க. கீழ பாருங்க, கல்லே தேஞ்சிருக்கு" என்றார். உண்மைதான், என் காலடியில் கல் குழிந்திருந்தது.

என் வேலை இதுதான். தூண்களும் படிக்கட்டும் சேர்ந்த முன்பகுதி இனிமேல் தாங்குமா என்று நகரமன்றத்துக்குச் சந்தேகம். நான் அளந்து பார்த்து 'நிற்கட்டும்' என்றோ 'இறக்குங்கள்' என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு கட்டிடத்துக்கு நான் தீர்ப்புச் சொல்வதாம்! சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கம். பதில் போடு.

உன் தம்பி,
அளவுகோல்

---

ஜனவரி 20

தம்பி அளவுகோலுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம்: நான், மாமா, மாமாவின் இருமல். நீ போர்வைக்கு நன்றி சொன்னதை மாமாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இனி உன் பிழைகள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கட்டிடம் என்றால் கட்டுகிற இடம், வெறும் மனை. கட்டி முடித்து எழுந்து நிற்பது கட்டடம். உன் கடிதத்தின்படி அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாக ஒரு காலி மனையைப் பார்த்து வாய் பிளந்து, கல் தேய நின்றிருக்கிறார்கள். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவளுக்கு வாய்த்த தம்பியைப் பார்.

அச்சகத்தில் ஒரு தொல்லை. புதிதாக வந்த இயந்திரக்காரன் வரிகளை வளைத்து அச்சடிக்கிறான். பக்கத்தின் நடுவில் வந்ததும் எழுத்துகள் நீரில் மிதப்பதுபோல நெளிகின்றன. "நேராத்தான் அக்கா இருக்கு" என்று சாதிக்கிறான். அளவுகோலை வைத்துக் காட்டினான். அளவுகோலே வளைந்திருக்கிறது என்றேன். அச்சகமே சிரித்தது. முதலாளியிடம் சொல்லி அவனை மாற்றச் சொல்லப் போகிறேன். அளவுகோல்களின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது, உன்னையும் சேர்த்துத்தான்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி இன்னும் எழுது. உள்ளே எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மாமாவின் இருமலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டாய். பகல் முழுக்க அங்கேதான் கிடக்கிறேன், இன்னும் சொல்லத் தெரியவில்லை. குவிமாடத்தின் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, மேலே கண்ணாடி. அதன் வழியாக ஒரு தட்டு வெயில் உள்ளே இறங்குகிறது. காலையில் மேற்குச் சுவரில் இருக்கும், மெல்ல இறங்கித் தரையைக் கடந்து கிழக்குச் சுவரில் ஏறிவிடும். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்களெல்லாம் வரிசையில் நிற்கும்போது அந்த வெயில் அவர்கள் மேல் ஊர்ந்து போகிறது. யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, ஆனால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒரு பக்கச் சுவரில் நின்று முணுமுணுத்தால் எதிர்ச்சுவரில் காதோடு பேசுவதுபோலக் கேட்கிறது. சாவிக்கொத்து இப்படித்தான் என் சம்பளத்தைத் தெரிந்துகொண்டார்.

இனிக் கெட்ட செய்தி. அக்கா, அந்தக் கட்டிடம் சரிகிறது.

மேல்படியில் மட்டம் பார்த்தேன். இரண்டு முனைகளையும்விட நடுப்பகுதி நான்கு விரல்கடை உயர்ந்திருக்கிறது. முனைகள் மண்ணில் அமிழ்ந்துவிட்டன என்றுதானே அர்த்தம்? தூண்களில் தூக்குக்குண்டு விட்டேன். ஆறும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. கருவியில் கோளாறோ என்று வேறு கருவி வரவழைத்தும் பார்த்தேன். அதே கதைதான். இதற்குமேல் அந்தக் கட்டிடத்தை நிற்கவிட்டால் யார் தலையிலாவது விழும்.

'இறக்குங்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நகரமன்றத் தலைவி, "நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நாள்தான் அக்கா, அதற்குள் அந்தக் கட்டிடத்தை யாரோ சொந்தக்காரர் மாதிரி நினைத்துவிட்டேன்.

உன் தம்பி

---

பிப்ரவரி 26

தம்பிக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமாகிவிட்டது, அச்சகத்தில் வேலை.

நீ அழுததாக எழுதியிருந்தாய். அழு, தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ கண்ணால் பார்த்ததையும் கருவி சொன்னதையும் எழுதினாய். அந்தத் தூண் கைக்கு எப்படி இருக்கிறது? கல் சொரசொரப்பா, வழவழப்பா? வரிப்பள்ளத்துக்குள் விரல் போகுமா, உள்ளங்கை போகுமா? வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் தொட்டால் வித்தியாசம் தெரிகிறதா? இறக்கப் போகிறார்கள் என்றால் அதற்குமுன் ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப்பிடித்துப் பார்த்து எழுது. அடியிலும் பார், ஏணி போட்டு மேலேயும் பார். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சுகம்தானே?

முதலில் உன் கடிதத்தைப் பற்றி. மட்டம் பார்க்கிறவனுக்கு இப்படியா எழுதுவது? உன் வரியெல்லாம் நடுவில் மேடேறி ஓரத்தில் பள்ளத்தில் விழுகிறது. பேருந்தில் உட்கார்ந்து எழுதினாயா? அதோடு, போன கடிதத்தில் உன்னைச் சீண்டுவதற்காக வேண்டுமென்றே மூன்று இடத்தில் 'கட்டிடம்' போட்டிருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லையே. நான் அழுதேன் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டாயா? இரக்கம் வேண்டாம், திட்டு.

இப்போது நடந்ததைக் கேள். நீ சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தேன். சாவிக்கொத்து படியில் உட்கார்ந்துகொண்டு, "கல்யாணம் ஆகலைன்னு தெரியும் சார், அதுக்காக இப்படியா?" என்றார். கல் மாவுபோல மென்மையாக இருக்கிறது. வரிப்பள்ளத்துக்குள் என் முழங்கை கச்சிதமாக உட்காருகிறது. வெயில் பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் ஜில்லென்று. ஏணியில் ஏறி மறுபடி கட்டிப்பிடித்தேன். கை எட்டுவது குறைந்திருந்தது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதும் தூண் பருத்திருக்கிறது, அக்கா! கண்ணுக்குத் தெரியவே தெரியாது. என் கை சொல்லிற்று. இறங்கி நாடா எடுத்துக்கொண்டு ஏறினேன். அங்கே ஒரு விரல்கடை பருமன் கூடுதல். அடுத்த தூணிலும் அதே உயரத்தில் அதே அளவு. ஆறிலும்.

சரிகிற கட்டடம் ஆறு தூணையும் ஒரே இடத்தில் ஒரே அளவுக்குப் பருக்க வைக்குமா? ஓடிப்போய்ப் படிக்கட்டின் கற்களைப் பார்த்தேன். முனைகள் அமிழ்ந்திருந்தால் நடுவில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வாய் பிளந்திருக்க வேண்டும். உன் கடித உறையின் ஓரத்தை நுழைத்துப் பார்த்தேன், எங்கேயும் போகவில்லை. அந்தப் படி அமிழவே இல்லை, அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

ஏன் தெரியுமா? நீளமான நேர்ப்படியைத் தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் தொய்ந்ததுபோலத் தெரியும். நேரான தூண் இடுப்பு ஒடுங்கினதுபோலத் தெரியும், செங்குத்தாக நின்றால் முன்னால் கவிழ்கிற மாதிரியும் இருக்கும். நம் கண் அவ்வளவு பொல்லாதது. அது எவ்வளவு பொய் சொல்லும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் கல்லை எதிர்ப்பக்கம் வளைத்திருக்கிறார்கள். அந்த முகப்பில் ஒரு கோடுகூட நேர் இல்லை. நேராகத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தச் சத்தமும் போடாமல் இத்தனை காலமாக ஒரு ஊரையே ஏமாற்றிச் சந்தோஷப்படுத்தியிருக்கிறது. என்னையும்தான்.

ஆனால் நான் 'இறக்குங்கள்' என்று எழுதியாகிவிட்டதே. மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. சாரம் கட்டும் குழாய்கள் சதுக்கத்தில் வந்து இறங்கிவிட்டன. எங்கள் தலைமைப் பொறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஒருதடவை இறக்குன்னு எழுதிட்டு இப்ப நிறுத்துன்னா, நாளைக்கு நம்ம ஆபீஸ் எழுதுறத எவன் நம்புவான்? பேசாம இரு" என்று வைத்துவிட்டார். பேசாமல் இருக்க முடியுமா, நீயே சொல். என் கையால் எழுதி அதைக் கொல்ல முடியாது.

சீக்கிரம் பதில் போடு. எனக்குத் தைரியம் வேண்டும்.

தம்பி

---

மார்ச் 28

அக்காவுக்கு,

சுகம்தானே? ஏன் பதில் இல்லை? வரியை நக்கலடித்ததற்குக் கோபமா? கோபமாக இருந்தாலும் இதைப் படித்துவிடு.

நேற்று மன்றக் கூட்டம். உள்ளே பேச எனக்கு அனுமதி இல்லை. ஆகவே கூட்டம் தொடங்குமுன் சாரக்காரர்களிடம் கெஞ்சி நீளப் பலகைகளை வாங்கி, முனையோடு முனை பொருத்தி, தூண்களுக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உயரத்தில் கட்டினேன். சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினேன். ஒவ்வொரு பலகையிலும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். தலைவி சதுக்கத்தில் வந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இது, நடுவுல தொய்ஞ்சு கிடக்கு? ஒழுங்கா கட்டச் சொல்லுங்க."

"மேல வந்து பாருங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்! ரசமட்டத்தின் குமிழி எல்லாப் பலகையிலும் நடுவிலேயே நின்றது. இறங்கி மறுபடி சதுக்கத்துக்குப் போனார். கல் குழிந்த அதே இடத்தில் நின்றார். பலகை தொய்ந்து தெரிந்தது, அதற்குக் கீழே வளைந்த படி நூல் பிடித்தாற்போலத் தெரிந்தது.

"அப்ப நேரா இருக்குறது கோணலா தெரியுது. கோணலா இருக்குறது நேரா தெரியுது."

"ஆமாம்மா. நான் கோணல மட்டும் அளந்தேன். தப்பா எழுதிட்டேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். முகத்தில் அடித்தாற்போல ஒரு உறுப்பினர், "உங்களுக்குச் சம்பளம் எதுக்கு?" என்றார். தலைவி வேலையை நிறுத்திவைத்திருக்கிறார், மறுபடி வாக்கெடுப்பு வைக்கப் போகிறார். எப்படிப் போகும் என்று தெரியாது.

பதில் போடு அக்கா. ஒரு வரி போதும், மேடேறினாலும் பரவாயில்லை.

தம்பி

---

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவறும் நலம். இது மாமாவின் கை, சொல்வது அக்கா. அக்காவுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, பேனா பிடிக்க முடியவில்லை. வேறு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. நீ தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்கு ரொம்பச் சந்தோசம். அந்தக் கட்டிடம் நிற்க்கும். தூன் கைக்குச் சொன்னதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டிடத்தை ஒருநாள் நானும் தொட்டுப் பார்க்க வேண்டும். அச்சகத்துக்கு விடுப்பு போட்டிருக்கிறேன். இயந்திரக்காரப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவன் மேல் தப்பில்லை.

என் இருமல் நின்றுவிட்டது. இது மாமா.

அன்புடன்,
அக்கா

---

ஏப்ரல் 17

அக்கா,

மணிக்கட்டு சுளுக்கினால் எழுத முடியாது, சரி. படிக்கவுமா முடியாது?

மாமா ஒரே கடிதத்தில் இரண்டு 'கட்டிடம்' போட்டிருக்கிறார். 'தூன்' போட்டிருக்கிறார். 'நிற்க்கும்' போட்டிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையையே திருத்தித் திருப்பி அனுப்பியவள் நீ. உன் பெயரில் போகிற கடிதத்தை ஒருதரம் பார்க்காமலா உறையில் போட விட்டாய்? பார்த்திருந்தால் மாமா இப்போது எங்கே ஒளிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வளைந்து தெரிந்த அச்சு வரி. வளைந்த அளவுகோல். மேடேறிய எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொன்னது. எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டேன்.

கட்டடத்தில் வளைவைப் பார்த்துச் சரிகிறது என்று பதறினேன், அது திடமாக நின்றது. உன் எழுத்தில் வளைவைப் பார்த்துச் சிரித்தேன். நேராகத் தெரிய வேண்டும் என்று நீயும் வளைத்து வளைத்தா எழுதினாய்?

உண்மையைச் சொல்.

தம்பி

---

மே 19

தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. மாமா நலம்.

இது என் கைதான். தடித்த கறுப்புப் பேனா, வரிக்கு அடியில் ஒரு அட்டை. ஒரு தாளில் நான்கு வரிதான் பிடிக்கிறது, அதனால்தான் உறை இவ்வளவு கனம். தபால்காரர் நிலப் பத்திரமா என்று கேட்டார்.

நீ கண்டுபிடித்தது சரி. இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் இருக்கிறது, அங்கேயும் கோடெல்லாம் வளைந்து தெரிகிறது. மாமாவை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, காதும் தோளும் இருக்கும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் முகம் கொஞ்சம் வரும். போனது திரும்பாது என்றார் டாக்டர். "கைய நம்பப் பழகுங்கம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு கதவு, நாற்காலி, மாமாவின் மூக்கு என்று தடவிக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. கையால் பார்த்தால் என்னதான் தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் உன்னைத் தூணிடம் அனுப்பினேன். உனக்கு உதவி செய்யவில்லை, என் பயத்துக்காகத்தான் கேட்டேன். மாமா நீ எழுதினதை வாசித்தபோது, "என் கை சொல்லிற்று" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு அழுதேன். பயம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ அளவெடுத்துவிடுவாய். 'இறக்குங்கள்' என்று எழுதிவிடுவாயோ என்று பயம். அச்சக முதலாளி அப்படித்தான் என்னை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சை ஆரம்பித்தார்.

வாக்கெடுப்பு என்ன ஆயிற்று?

அக்கா

---

மே 26

என் அக்காவுக்கு,

நிற்கட்டும் என்று முடிவாகிவிட்டது. தலைவி தானே வாசலுக்கு வந்து சொன்னார். சாரக்குழாய்களை ஏற்றிக்கொண்டு வண்டி போனபோது சாவிக்கொத்து அதற்கு டாட்டா காட்டினார். என்னை இந்த வேலையிலிருந்து எடுத்து, கோப்பு அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார் தலைமைப் பொறியாளர். போகட்டும்.

உன்னை அளவெடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஒருதடவை அளந்து பட்ட பாடு போதும். உனக்கும் சேர்த்து எழுதுகிறேன்: நிற்கட்டும்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. நான் ரயிலடியில் இருப்பேன். போர்வையை எடுத்து வராதே, இங்கே வெயில் காலம் வந்துவிட்டது.

உன் தம்பி

---

ஜூன் 24

தம்பிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். சொல்வது நான், எழுதுவது மாமா. ஆனால் இந்த முறை எழுத்துக்கு எழுத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லித்தான் எழுதவிடுகிறேன். பாவம், வியர்க்கிறது. அச்சகத்திலும் இனி இதே ஏற்பாடுதான். இயந்திரக்காரப் பையன் வாசிக்கிறான், நான் காதால் திருத்துகிறேன். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக உச்சரித்தால் முதலில் அவனைத் திருத்துகிறேன்.

உன் சாவிக்கொத்துக்கு என் வணக்கத்தைச் சொல். நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகராமல் நின்றபோது, "குடும்பத்துக்கே இதுதான் வேலையா?" என்று கேட்டாரே, அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் ஏறினேன். அந்தப் பருமன் என் இரண்டு கைக்குள்ளும் வந்தது தம்பி, மூச்சு இழுத்த நெஞ்சு மாதிரி. உயிருள்ளதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது. உள்ளே அந்த வெயில் என் முகத்தின் மேல் போனதும் தெரிந்தது. அதற்குக் கண் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் அங்கே சொல்லவில்லை. சந்து முடிந்து சதுக்கத்தில் என்னை நிறுத்தினாய். கல் குழிந்த இடத்தில் என் காலை வைத்தாய். "தெரியுதா அக்கா?" என்று கேட்டாய். "தெரியுது" என்று மட்டும் சொன்னேன். நான் என்ன பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன். சற்றுத் தள்ளிப் பார்த்தபோது படிக்கட்டு நடுவில் உயர்ந்து தெரிந்தது. தூண்கள் பருத்து, உள்பக்கம் சாய்ந்து தெரிந்தன. இப்போது எனக்கு எதுவும் நேராகத் தெரிவதில்லை, அதனால்.

உனக்கு, தலைவிக்கு, சாவிக்கொத்துக்கு, அந்த ஊருக்கே அது நேராகத்தான் தெரியும். அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தை உள்ளபடி கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இதை எழுதும்போது மாமா 'கட்டிடம்' என்று ஆரம்பித்தார். அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். அடித்த இடம் அசிங்கமாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா